புருவத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

அருணகிரிக்கு இங்கிலீஷ் வராது என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். ஹாட் வாட்டர் மார்னிங் சிக்ஸ் டு நைன், மங்கி கம்மிங் விண்டோ குளோஸ், நோ பாஸ்போர்ட் நோ ரூம். ஒரு கெஸ்ட்ஹவுஸ் நடத்த இதற்கு மேல் என்ன இங்கிலீஷ் வேண்டும்? அப்பா மல்லாட்டைக் கடலை விதைத்த நிலத்தில், செங்கம் ரோட்டிலிருந்து இரண்டு வளைவு உள்ளே தள்ளி, பதினோரு ரூம் கட்டி ‘மலைமுகம்’ என்று பெயர் வைத்தவர் அவர். பன்னிரண்டு வருஷமாக அந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டே ஜெர்மனிக்காரனையும் சமாளித்தார், ரஷ்யாக்காரியையும் சமாளித்தார்.

அப்படிப்பட்ட மனிதரை ஒரு புதன்கிழமை காலையில் ஒரே ஒரு வார்த்தை ஆட்டிவைத்துவிட்டது.

காபியைக் கையில் வைத்துக்கொண்டு செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தார். கெஸ்ட்ஹவுஸுக்கு யாரோ புதிதாக ரிவ்யூ போட்டிருந்தார்கள். ஐந்து நட்சத்திரத்துக்கு இரண்டே இரண்டு. ரூம் சுத்தம், வெந்நீர் வருகிறது, மாடியிலிருந்து மலை நன்றாகத் தெரிகிறது என்பது வரைக்கும் அருணகிரிக்கு விளங்கியது. கடைசி வரிதான் தொண்டையில் மாட்டிய மீன் முள்ளாக நின்றது. ரிசப்ஷனில் இருக்கும் பெண் சூப்பர்சிலியஸ்.

தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த இருசப்பனைக் கூப்பிட்டுக் காட்டினார். இருசப்பன் அந்த இடத்தில் குழாய் ரிப்பேர், தோட்டம், குரங்கு விரட்டல், எல்லாமும்.

“சூப்பர்னுதான அண்ணா போட்டிருக்குது? அப்புறம் இன்னா?”

“சூப்பர்னா எதுக்குடா ரெண்டே ஸ்டாரு?”

இருசப்பன் தலையைச் சொறிந்துகொண்டு குழாய்க்குத் திரும்பிப் போனான். அருணகிரி அந்த வார்த்தையைப் போனிலேயே தட்டி அர்த்தம் பார்த்தார். ‘இறுமாப்புடைய’ என்று வந்தது. அட கடவுளே, திமிர் பிடித்தவள் என்று நேராகச் சொல்லித் தொலைக்கக் கூடாதா? காபி ஆறிப்போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

ரிசப்ஷனில் இருக்கும் பெண் என்றால் ஓவியா. அடி அண்ணாமலைக்காரி, இருபத்தாறு வயசு, அரசுக் கல்லூரியில் எம்.ஏ. இங்கிலீஷ் படித்தவள். அவள் வந்த இரண்டு வருஷத்தில் மலைமுகத்தின் முகமே மாறிப்போயிருந்தது. வெளிநாட்டுக்காரர்களின் விவரத்தை இருபத்திநாலு மணி நேரத்துக்குள் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்ப வேண்டும். அதற்காக அருணகிரி முன்பெல்லாம் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கைகட்டி நின்றிருக்கிறார். இப்போது அவருக்கு அந்த வாசல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. டெல்லிக்காரர் ஒருவர் வெந்நீர் வரவில்லை என்று ஹிந்தியில் கால் மணி நேரம் கத்தியபோது ஓவியா முழுசாகக் கேட்டுவிட்டு, அதே ஹிந்தியில், “முடிஞ்சுதுங்களா? நீங்க திருகினது பச்சைத் தண்ணிக் குழாய்” என்றாள். குரங்கு ஒன்று பிரெஞ்சுக்காரியின் பையை, உள்ளே பாஸ்போர்ட்டோடு, வேப்பமரத்தின் உச்சிக்குக் கொண்டுபோய்விட்டது. எல்லாரும் ஓ என்று கூச்சல் போட, இவள் ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றாள். அது இறங்கி வந்து பையை வைத்துவிட்டுப் பழத்தை எடுத்துக்கொண்டு போனது. குரங்குக்கே அவளிடம் மரியாதை என்று இருசப்பன் தெருவெல்லாம் சொல்லி மாய்ந்தான்.

அருணகிரிக்கும் அவளைப் பிடிக்கும். சொல்ல மாட்டார், அவ்வளவுதான். சொன்னால் சம்பளம் ஜாஸ்தி கேட்பாளோ என்று ஒரு பயம்.

ஆனால் ஒன்று, உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் இடது புருவம் இருக்கிறதே, அது தனி ஆள். யாராவது ஏடாகூடமாக ஒன்று சொன்னால், வலது புருவம் சும்மா இருக்க இடது மட்டும் ஒரு நெல்மணி அளவு மேலே போகும். வாயைத் திறக்க மாட்டாள். எதிரில் நிற்கிறவருக்குத் தான் சொன்னது தன் காதிலேயே திரும்பக் கேட்கும். பெரிய மனுஷன் வந்தால் நாற்காலியை விட்டு எழ மாட்டாள். பெட்டி தூக்க முடியாத கிழவி வந்தால் வாசல் வரை ஓடுவாள். இதை ஊரில் திமிர் என்றுதான் சொல்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆறிய காபியை வைத்த ஐந்தாம் நிமிஷம் போன் அடித்தது. சுரேஷ்குமார். ரிவ்யூ போட்ட புண்ணியவான் அவரேதான். சென்னையில் பெரிய கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மாசாமாசம் பௌர்ணமிக்கு ஒரு சத்சங்கக் கூட்டத்தைக் கிரிவலத்துக்கு அழைத்து வருவார். காலியாக இருக்கிற ரூம் அத்தனையும் அவருக்கே. வெளிநாட்டுக்காரர்கள் வராத வெயில் மாசங்களில் மலைமுகத்தில் விளக்கு எரிவதே அவர் தயவில்தான்.

“அருணகிரி, ரிவ்யூ பாத்தீங்களா? இந்த வெள்ளிக்கிழமை இருபத்திரண்டு பேரோட வரேன். போன தடவை அந்தப் பொண்ணு என்னை எப்படிப் பாத்துச்சு தெரியுமா? நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லல. என் குரூப்புக்கு முன்னாடி அந்தப் பொண்ணு எழுத்துல மன்னிப்பு கேக்கணும். இல்லையா, ஆளை மாத்துங்க. ரெண்டும் முடியாதுன்னா சொல்லிடுங்க, நாங்க வேற எடம் பாத்துக்கறோம்.”

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க சார், நான் பேசறேன்” என்றார் அருணகிரி. குரல் தானாகவே குழைந்தது. போனை வைத்ததும் அந்தக் குழைவு அவருக்கே பிடிக்கவில்லை.

பேசுவதற்கு முன்னால் அந்த வார்த்தையை ஒழுங்காகத் தெரிந்துகொள்ளலாம் என்று மாடிக்கு ஏறினார். நாலாம் நம்பரில் லூச்சியா இருந்தார். ரோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் லத்தீன் டீச்சராக இருந்து ரிட்டயரானவர். பதினோரு வருஷமாகக் குளிர்காலத்தில் வந்து நாலு மாசம் தங்கிப் போகிறார். தமிழும் ஓரளவு கற்றுக்கொண்டிருந்தார். துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தவர், போனை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“அருணகிரி, இது இங்கிலீஷ் இல்லை. எங்க வீட்டு வார்த்தை. இங்கிலீஷ்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்.”

“அர்த்தம் என்னங்க லூச்சியாம்மா?”

அவர் ஒரு விரலைத் தன் நரைத்த புருவத்தின் மேல் வைத்து இழுத்துக் காட்டினார்.

“கண்ணுங்களா?”

“கண் இல்லை. மேலே.”

“புருவமா?”

“ஆமா, புருவம். சூப்பர்னா மேலே. சிலியம்னா இமை. இமைக்கு மேலே இருக்கிறது. முதல்ல அவ்வளவுதான் அர்த்தம். அப்புறம் ரோம்ல பெரிய ஆள், ஜட்ஜு, கவர்னர், இவங்கல்லாம் ஏழை வந்து எதிர்ல நின்னா பேச மாட்டாங்க. இதை மட்டும் தூக்குவாங்க. ஜனங்க பாத்தாங்க, பாத்தாங்க. கடைசியில புருவம்னாலே திமிருன்னு ஆயிடுச்சு. எங்க பழைய பாஷையில மலைக்குக்கூட இந்த வார்த்தை உண்டு. அதோ, அந்த விளிம்பு.” வெயிலில் தெளிவாக நின்ற மலையின் உச்சி வரப்பைக் கையால் காட்டினார்.

அருணகிரி மலையைப் பார்த்தார். நம்ம ஆட்கள் திமிரை உடம்பில் எங்கெங்கே வைத்திருக்கிறார்கள் என்று யோசித்தார். தலையில் வைத்து தலைக்கனம் என்றார்கள். வாயில் வைத்து வாய்க்கொழுப்பு. நெஞ்சில் வைத்து நெஞ்சழுத்தம். புருவத்தில் வைக்க ஒருத்தனுக்கும் தோன்றவில்லையே, அந்த ரோமாபுரிக்காரன் கெட்டிக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டார்.

“யாரைச் சொல்லியிருக்கு?” என்றார் லூச்சியா.

“நம்ம ஓவியாவைத்தான்.”

லூச்சியா கையிலிருந்த ஈரத்துணியை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். “ஆச்சரியமா இருக்கு. இது பெரிய ஆளுக்கு வெச்ச வார்த்தை. கீழே இருக்கிறவங்களுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. அவங்களைப் புருவம் தூக்கவே விட மாட்டாங்களே. ஓவியா மேலே நிக்கிற மாதிரி அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு. பயந்துட்டார்.”

அருணகிரிக்கு அது பாதி புரிந்தது, பாதி பிடிக்கவில்லை. படி இறங்கி வந்தார்.

ஓவியா கம்ப்யூட்டரில் வெள்ளிக்கிழமைக்கு ரூம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கீழ்த்தளம், ஜோடிகளுக்கு மூலை ரூம் என்று ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் குறிப்பு எழுதியிருந்தாள். சுரேஷ்குமாருக்கு மலை நேராகத் தெரிகிற ஆறாம் நம்பர்.

“ஓவியா, அந்த ரிவ்யூவப் பாத்தியா?”

“பாத்தேன் சார். எல்லாத்துக்கும் நான்தான பதில் போடறேன். இது ஒன்ன மட்டும் உங்களுக்குன்னு விட்டு வெச்சிருக்கேன்.”

“அர்த்தம் தெரியுமா?”

“தெரியும் சார். எங்கிருந்து வந்துச்சுன்னும் தெரியும்.”

இவரோ மாடி ஏறி மூச்சு வாங்கக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. சுரேஷ்குமார் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார். எழுத்தில் மன்னிப்பு, இல்லாவிட்டால் ஆள் மாற்றம். ஓவியாவின் கை கீபோர்டில் நின்றது.

“என்னதான் கேட்டாரு அன்னிக்கு?” என்றார் அருணகிரி.

“எந்த ஊருன்னு கேட்டாரு சார். அடி அண்ணாமலைன்னு சொன்னேன். அடி அண்ணாமலைல எந்தப் பக்கம்னாரு. கோயிலுக்குப் பக்கம்னேன். கோயிலுக்குப் பக்கம்னா ஊருக்குள்ளயா, காலனியான்னாரு. அப்பதான் பாத்தேன். ‘ரூம் நம்பர் ஆறு சார், மாடில’ன்னு சாவியக் குடுத்தேன். அவ்ளோதான்.”

எந்தப் பக்கம், எந்தத் தெரு, ஊரா காலனியா. இந்த ஜில்லாவில் பிறந்த குழந்தைக்கும் இந்தக் கேள்விக்கு அர்த்தம் தெரியும். உன் சாதி என்ன என்று கேட்கக் கூச்சப்படுகிறவன், வழி கேட்கிற மாதிரி இதைக் கேட்பான். மலையைச் சுற்றிப் புண்ணியம் தேட வந்த மனிதருக்கு, சாவி நீட்டுகிற கை எந்தத் தெருவில் சோறு தின்று வளர்ந்தது என்று தெரிந்தாக வேண்டுமாம். என்னத்தைச் சொல்ல!

அருணகிரி மேஜை விளிம்பைத் தடவினார். “நீ போயிட்டாலும் எனக்குக் கஷ்டம்மா, அவரு போயிட்டாலும் கஷ்டம். ஒரு கடுதாசிதான. எழுதிக் குடுத்துட்டா காகிதத்துக்கு வலிக்கவா போவுது?”

“காகிதத்துக்கு வலிக்காது சார்” என்றாள் ஓவியா. அவள் சம்பளத்தில்தான் தங்கச்சி கவிநிலா நர்சிங் படிக்கிறாள் என்பது அருணகிரிக்குத் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவரைக் குத்தியது.

பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவினாள். பள்ளிக்கூடத்தில் எழுதப் பழக்கிய அதே முறையில், இடது பக்கம் அனுப்புநர், கீழே பெறுநர், நடுவில் ‘பொருள்: மன்னிப்புக் கோருதல் தொடர்பாக’. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

‘ஐயா, சென்ற பௌர்ணமியன்று தாங்கள் என்னிடம்’ என்று எழுதி, ஒரு சாண் நீளத்துக்குக் கோடு போட்டாள். ‘என்று கேட்டபோது, நான் பதில் கூறாமல் இடது புருவத்தை உயர்த்தியமைக்காகத் தங்களிடம் மன்னிப்புக் கோருகிறேன். இப்படிக்கு’. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டாள்.

“அந்தக் கோட்டுல அவரு கேட்டத எழுதணும் சார். மன்னிப்புன்னா எதுக்குன்னு தெரியணும்ல? நான் எழுதினா இட்டுக்கட்டினேன்னு சொல்லுவாரு. நீங்களே எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டுடறேன்.”

“நானா?”

“ஆமாங்க சார். உங்களுக்கும் தெரிஞ்ச கேள்விதான். நான் வேலைக்கு வந்த அன்னிக்கு நீங்களும் இதத்தான் கேட்டீங்க. நான் சொல்லல. நீங்களும் திருப்பிக் கேக்கல, மறுநாள் வரச் சொல்லிட்டீங்க.”

அவள் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஒரு நல்ல காரியத்தை நினைவுபடுத்துகிற மாதிரி சொன்னாள். அதுதான் அருணகிரிக்குத் தாங்கவில்லை. ஏனென்றால் அவர் திருப்பிக் கேட்காததற்குக் காரணம் வேறு. அன்றைக்குச் சாயங்காலமே இருசப்பனை மொபெட்டில் அடி அண்ணாமலைக்கு அனுப்பி விசாரித்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் தெருப்பெயர் முதல் எல்லா விவரமும் வந்து சேர்ந்தது. ஒரு ராத்திரி யோசித்தார். எம்.ஏ. படிப்பு, மூன்று பாஷை, கேட்ட சம்பளமோ கம்மி. காலம் மாறிப்போச்சு, நாமும் மாறணும் என்று முடிவு கட்டினார். அதன் பிறகு இரண்டு வருஷமாக, தெரிந்தும் வேலை கொடுத்த தன் பெருந்தன்மையை நினைத்து அவ்வப்போது தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டும் வந்தார்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வியாழக்கிழமை மத்தியானம் முழுக்க அந்த ஒரு சாண் கோடு அவரைப் படுத்திய பாடு இருக்கிறதே! பென்சிலால் ‘ஊர் விவரம்’ என்று எழுதினார். ஊர் விவரம் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பாளா? அழித்தார். ‘பொதுவான ஒரு கேள்வி’ என்று எழுதினார். பொதுவான கேள்விக்கு எவனாவது மன்னிப்பு கேட்கச் சொல்வானா? அழித்தார். கேட்டதை அப்படியே எழுதிப் பார்த்தார். ‘நீ ஊரா காலனியா என்று கேட்டபோது’. படித்ததும் காது சுட்டது. எழுதினால் அது மன்னிப்புக் கடிதமாக இல்லை, சுரேஷ்குமார் மேல் போலீசில் கொடுக்கிற புகாராக இருந்தது. அவர் மேல் மட்டுமா? அவசர அவசரமாக அழித்ததில் தாளே நைந்துபோனது.

சோற்றைப் பரிமாறிவிட்டுக் காத்திருந்த மனைவி வேதா பொறுமை இழந்தாள். “ஏங்க, பரீட்சையா எழுதறீங்க? எம்மா நேரம்?”

அருணகிரி எல்லாவற்றையும் சொன்னார். இருசப்பனை அனுப்பியது வரைக்கும் சொன்னார். வேதாவுக்கு அது புதுச் செய்தி. அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“அது நல்ல பொண்ணுங்க. எனக்கு ஜுரம் வந்தப்ப ஆஸ்பத்திரிக்கு அதுதான ஆட்டோ வெச்சுக் கூட்டிம்போச்சு? எழுத வரலன்னா அது எழுதற விஷயம் இல்லன்னு அர்த்தம். எந்திரிங்க, சோறு ஆறுது.”

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வேன் வந்து நின்றது. இருபத்திரண்டு பேரும் வெள்ளையும் காவியுமாக இறங்கி ரிசப்ஷனை நிறைத்தார்கள். சுரேஷ்குமார் எல்லாருக்கும் முன்னால் வந்தார். ஓவியா வழக்கம் போல நாற்காலியில் உட்கார்ந்தபடி வணக்கம் சொல்லி, பெயர் ஒட்டிய சாவிகளை வரிசையாக எடுத்து வைத்தாள். கூட்டத்தில் ஒரு வயசான அம்மாள் பெட்டியோடு தடுமாறினார். ஓவியா எழுந்து போய் வாங்கி வைத்தாள். மூலை சோபாவில் லூச்சியா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“சாவியெல்லாம் இருக்கட்டும்” என்றார் சுரேஷ்குமார். “அருணகிரி, நான் சொன்னது என்னாச்சு?”

அருணகிரி சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். வெயில் மாசத்தில் காலியாகக் கிடக்கப்போகிற பதினோரு ரூமும் அவர் கண் முன்னால் வந்து போயின. தாளை மேஜையில் விரித்து வைத்தார்.

“எழுதியாச்சு சார். ஒரே ஒரு எடம்தான் பாக்கி. என்னால முடியல. நேத்து பூரா உக்காந்து பாத்தேன். நீங்களே எழுதிடுங்க, அது கையெழுத்துப் போட்டுடும்.”

பேனாவையும் மூடியைக் கழற்றி நீட்டினார். சுரேஷ்குமார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பேரும் எட்டிப் படித்தார்கள்.

“என்ன இது, ஸ்கூல் பரீட்சை மாதிரி? இதுல நான் என்ன எழுதணும்?”

“நீங்க கேட்ட கேள்விய சார்.”

“ஊரைக் கேட்டேன். ஊரைக் கேக்கறது ஒரு தப்பா?”

“ஊரைச் சொல்லிட்டேன் சார்” என்றாள் ஓவியா. குரல் உயரவில்லை. “அதுக்கப்புறம் கேட்டத எழுதுங்க.”

பெட்டி கொண்டுவந்த அம்மாள், “என்ன கேட்டீங்க சுரேஷ்?” என்றார் வெள்ளந்தியாக.

“ஒன்னுமில்லம்மா. சும்மா பேச்சுவாக்குல கேட்டது.”

“பேச்சுவாக்குல கேட்டது எழுத்துல வராதா?” என்று மூலையிலிருந்து லூச்சியா தன் உடைந்த தமிழில் கேட்டார். நிஜமாகவே சந்தேகம் கேட்கிற டீச்சரின் குரல்.

பேனா சுரேஷ்குமார் கையில் இருந்தது. முனை தாளைத் தொட்டது. எழுந்தது. இருபத்திரண்டு பேரும் அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்கும்போது அவ்வளவு சுலபமாக வந்த கேள்வி, எழுதும்போது வர மறுத்தது. காலம் காலமாகக் காதோடு காதாக, கதவு ஓரமாக, வழி கேட்கிற சாக்கில் கேட்டே பழகிப்போன கேள்வி. அதைக் கொண்டுவந்து வெள்ளைத்தாளில், பத்துப் பேர் பார்க்க, தன் கையெழுத்தில் எழுது என்றால் எந்த மகானுக்கு வரும்?

அவர் பேனாவைப் போட்டார். முகம் சிவந்துவிட்டது. “இதுக்குத்தான் சொல்றது, இந்த ஆளுங்களுக்கெல்லாம் எடம் குடுத்தா...”

மிச்சத்தை விழுங்கிவிட்டார். கூட்டத்தில் யாரோ செருமினார்கள். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்.

அருணகிரிக்குக் கோபம் ஏறியது. அதில் பாதி தன் மேலேயே. “முழுசாச் சொல்லுங்க சார். சொன்னத வேணா எழுதுங்க, அந்தக் கோட்டுல எடம் பத்தும்.”

சுரேஷ்குமார் எழுதவில்லை. வேனை எடுக்கச் சொன்னார். பௌர்ணமி அன்றைக்கு ஊரில் எங்கே ரூம் கிடைக்கும் என்று கூட்டம் முணுமுணுத்தது. அவர் காதில் வாங்கவில்லை. அந்த வயசான அம்மாள் போகும்போது ஓவியாவின் கையைப் பிடித்து ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனார். வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு செங்கம் ரோட்டில் திரும்பி மறைந்தது. இருபத்திரண்டு பேருக்குப் பொங்கல் வைத்திருந்த வேதா, கரண்டியோடு வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பத்துச் சாவியும் மேஜையில் அப்படியே வரிசையாக இருந்தன. ஓவியா ஒவ்வொன்றாகப் பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டு ஆணியில் மாட்டத் தொடங்கினாள். அருணகிரி விருந்தாளிகள் உட்காருகிற நாற்காலியில் போய், அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். என்ன பெண்ணைப் பெற்றிருக்கிறான் அந்த வேடியப்பன் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது. முகம் பார்த்திராத அவள் அப்பாவின் பெயரும் இருசப்பன் கொண்டுவந்த விவரத்தில்தான் இருந்தது என்பது அடுத்த நொடியே உறைத்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்யும்.

“ஓவியா, உன்னாண்ட ஒன்னு சொல்லணும்மா. அன்னிக்கு நான் திருப்பிக் கேக்கலன்னு சொன்னியே. கேக்கலதான். இருசப்பன அனுப்பி விசாரிச்சுட்டேன். அன்னிக்கே. நான் ஒன்னும் அந்தாள விட ஒசந்தவன் இல்ல. தப்புமா. என்ன மன்னிச்சுடு.”

ஓவியா ஐந்தாம் நம்பர் சாவியை மாட்டினாள்.

“தெரியும் சார்.”

“தெரியுமா?”

“இருசப்பண்ணன் எங்கப்பாகிட்டயேதான சார் வந்து கேட்டாரு? அன்னிக்குச் சாயங்காலமே தெரியும்.”

இரண்டு வருஷமாக அவர் தட்டிக்கொண்ட முதுகு வெட்கத்தால் எரிந்தது. “தெரிஞ்சுமா மறுநாள் வேலைக்கு வந்த? தெரிஞ்சுமா ரெண்டு வருஷம் இங்க இருந்த?”

“நீங்க என்னை விசாரிச்சீங்க. நானும் உங்கள விசாரிக்க வேணாமா சார்? தெரிஞ்சப்புறம் மனுஷன் எப்படி நடந்துக்கறாருன்னு பாக்கலாம்னு இருந்தேன்.”

“பாத்து?”

ஓவியா கடைசிச் சாவியையும் மாட்டிவிட்டுத் திரும்பி அவரை நேராகப் பார்த்தாள்.

“இன்னைக்குக் காலைல பத்து மணி வரைக்கும் ஒரு முடிவுக்கு வரல சார்.”